கை நனைக்கப் போகிற வக்கீல்

இழவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, கழுத்தில் கிடக்கும் வெள்ளைப் பட்டையையும் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வார் வக்கீல் பாண்டிச்செல்வம். கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், செத்தவரின் மகன் கையைப் பிடிப்பார். பிடித்தவுடன் அழுதுவிட மாட்டார். சொல்ல வேண்டியதை முதலில் சொல்வார்.

"நான் வாதி சார்பா வந்திருக்கேன். எங்க கட்சிக்காரரோட உரிமைக்குப் பாதகமில்லாம, இந்தத் துக்கத்துல கலந்துக்கிடுறேன்."

அதற்குப் பிறகுதான் அழுவார். ஒப்புக்கு அழுகிற ஆள் இல்லை. தோள் குலுங்கும், மூக்குச் சிவக்கும். செத்தவர் எதிர்த்தரப்பு; போன மாதம்தான் இவரே கூண்டில் நிறுத்தி, கேள்வி மேல் கேள்வி கேட்டு, அந்த மனிதரைத் தண்ணீர் குடிக்க வைத்திருப்பார். "பாவம், பொய் சொன்னாலும் நிதானமாச் சொல்லுவாரு" என்று அதற்கும் சேர்த்து அழுவார். வெளியே வந்ததும் காரில் சாய்ந்து நின்று கட்சிக்காரருக்குப் போன் போடுவார். "அழுதாச்சுய்யா. குறையில்லாம அழுதாச்சு."

என் பெரியப்பா மகனுக்கு மூத்த பிள்ளை பாண்டிச்செல்வம். எனக்கு மருமகன் முறை. குட்டையான ஆள், தொப்பை முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் ஒன்றின் மாடியில் ஆபீஸ். கீழே மிஷின் ஓடினால் மேலே மேசை ஆடும். மிஷின் ஓடும்போது கட்சிக்காரர் பேச்சைக் கேட்பார். நின்றால் இவர் பேசுவார். சீசனில் மிஷின் நிற்பதே கிடையாது. அதனால் தீபாவளி முடிகிற வரைக்கும் அவர் யாருக்கும் பெரிதாக யோசனை சொல்வதில்லை. அந்த மாதங்களில்தான் கேசுகள் நன்றாக நடக்கின்றன என்று அவர் பெண்டாட்டி கற்பகவல்லி சொல்வாள்.

வரப்பு, கிணற்றுப் பங்கு, பாகப் பிரிவினை, புருசன் பெண்டாட்டி பிரிவு, பட்டாசுக் கம்பெனிப் பங்குதாரர் சண்டை, எல்லாம் எடுப்பார். காலையில் விருதுநகர்க் கோர்ட்டு. மத்தியானம் சூலக்கரையில் ஏதாவது ஒரு ஆபீஸ் வாசல். சாயங்காலம் யார் வீட்டுச் சாவுக் கேதமோ, யார் வீட்டுக் காதுகுத்தோ.

வக்கீலுக்கு ஏன் இந்த வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில், வழக்குப் போட்டுக்கொண்ட இரண்டு வீட்டார் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள். கை நனைப்பதென்றால் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டால் சமாதானம் ஆகிவிட்டதாக அர்த்தம். இது வெறும் ரோசம்தான், சட்டம் கிடையாது. சட்டமாக ஆனது ஒரு வரப்புத் தகராறினால்.

விஸ்வநத்தத்துப் பக்கம் ஒருவர், எதிராளி வீட்டுச் சடங்குக்குப் போனவர் மறதியாகப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் அவர் கேசு தோற்றுப் போனது. கேசையே காலங்கடந்து போட்டிருந்தார்கள், அதுதான் காரணம். தீர்ப்பில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாண்டிச்செல்வம்தான் அவருக்கு வக்கீல். தீர்ப்பை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். அந்த மனிதர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்புட்டும் சரிங்கய்யா. நான் அந்த அப்பளத்தைத் தொட்டிருக்கக் கூடாது" என்றார்.

அவ்வளவுதான். டீக்கடையில் பேசினார்கள், கம்பெனி வேனில் பேசினார்கள். எதிராளி வீட்டில் கை நனைத்தால் கேசு நிற்காது என்பது ஊருக்கு ஊர் உறுதியாகிவிட்டது. அப்படிச் சட்டமே இல்லை என்று பாண்டிச்செல்வம் தொண்டை வற்றச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. ஆனால் சாவும் கலியாணமும் கேசு முடியட்டும் என்று காத்துக்கொண்டிருக்குமா? போகாவிட்டால் ஊர் ஏசும். போனால் நிலம் போகும். அப்போது ஒரு கட்சிக்காரருக்கு மூளை வேலை செய்தது. "வக்காலத்துதான் எழுதிக் குடுத்திருக்கேன்ல. எனக்காகப் பேசுறீக. எனக்காக ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்தா என்ன?" என்று கேட்டார். பாண்டிச்செல்வத்துக்கு இல்லை என்று சொல்ல வராது. அங்கே கோழிக்குழம்பு என்றும் கேள்வி. போய்வந்தார்.

அன்றிலிருந்து இதே வேலைதான். இல்லாத சட்டத்தை இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விசேசத்துக்கும் அவர் போய்வரப் போய்வர, சனங்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. சட்டம் இல்லாமலா வக்கீலே நேரில் போகிறார்?

காதுகுத்துகளில் தாய்மாமன் மடி இவர் மடிதான். இவர் கறுப்புக் கோட்டை நனைக்காத பிள்ளை இந்த வட்டாரத்தில் குறைவு. பட்டாசுக் கம்பெனிப் பங்குதாரர் இரண்டு பேர், பெட்டி மேல் போடுகிற கிளிப்படம் யாருக்குச் சொந்தம் என்று கேசு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆயுதபூசையன்று ஒருவர் நிற்கிற வாசலில் இன்னொருவர் நிற்க மாட்டார். நிற்க மாட்டாதவருக்காக இவர் போய்ப் பூசணிக்காய் உடைத்தார். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உரிமைக்குப் பாதகமில்லாம உடைக்கிறேன்" என்று பூசணிக்காயிடமே சொல்லியிருக்கிறார். வேலைக்கு வந்த பெண்கள் அதுவும் ஒரு மந்திரம் போலிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கோபித்துக்கொண்டு பிரிந்திருந்த ஒரு புருசனுக்காக, அவன் மைத்துனன் வீட்டுப் பால்காய்ப்புக்கும் போனார். குடும்பத்தோடு படம் எடுத்தார்கள். புருசன் நிற்க வேண்டிய இடத்தில் இவர் போய் நின்றுவிட்டார். பிறகு அந்தப் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்துவிட்டார்கள். படம் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. வருகிறவர்களிடம் புருசன்காரன், "அங்கன நிக்கிறது நான்தான். உருவம் மட்டும் வக்கீலய்யாவோடது" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கட்சிக்காரர் ஒருவரின் பங்காளி செத்ததற்குப் போனதில் பெரிய சிக்கல் ஆகிவிட்டது. பங்காளிக்குப் பதினாறு நாள் தீட்டு. கட்சிக்காரர் சாவு வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதனால் எனக்குத் தீட்டு இல்லை என்று கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தார். அப்படியானால் போய் அழுதவருக்குத்தான் தீட்டு என்று ஊர் முடிவு கட்டியது. கற்பகவல்லி பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்து, "காரியம் முடியற வரைக்கும் ஆபீசுலயே படுங்க. உங்க கட்சிக்காரரு பெண்டாட்டிதான் உங்களுக்குச் சோறு குடுத்தனுப்பணும். எனக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தமில்ல" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

அதிலிருந்து, எந்த வீட்டுக்குப் போவதானாலும் முதலில் என்னிடம் வந்து முறை கேட்டுக்கொள்வார். யார் பங்காளி, யார் சம்பந்தி, யார் காலில் விழ வேண்டும், யார் தன் காலில் விழும்போது நகர்ந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் படித்த படிப்பில் இல்லையே.

"அத்தை, செத்தவரு நம்மாளுக்கு என்ன வேணும்?"

"நம்மாளோட பெரியாத்தா கொழுந்தன் மகன்லே."

"அப்ப நான் எம்புட்டு அழணும்?"

"கண்ணு கலங்குனாப் போதும்."

என்னிடம் கேட்காமல் அவர் போனது ஒரே ஒரு விசேசத்துக்குத்தான். அது போன ஆவணியில் நடந்தது.

ஆனைக்குட்டத்துப் பெத்தணனும் ராமுத்தாயும் அண்ணன் தங்கை. அவர்களைப் பெற்றவள் எனக்கு அக்காள் முறை. ஆக இரண்டு பேரும் எனக்குப் பிள்ளைகள். அப்பன் செத்த பிறகு, நிலத்தில் பாதியும் கிணற்றில் பாதியும் கேட்டு ராமுத்தாய் கேசு போட்டாள். "வாய்விட்டுக் கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?" என்பது பெத்தணன் கட்சி. "பொங்கலுக்குப் பொங்கல் வாய்விட்டுத்தான் கேட்டேன், அவன் காதுல விழல" என்பது ராமுத்தாய் கட்சி. பெத்தணனுக்கு வக்கீல் பாண்டிச்செல்வம். ராமுத்தாய்க்கு யோகேஸ்வரி என்று ஒரு சின்னப் பெண். கோர்ட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, ஆனால் சட்டத்தில் விரல் வைத்துவிட்டால் எடுக்க மாட்டாள்.

நடுவில் மாட்டிக்கொண்டது ராமுத்தாய் மகள் பாண்டிமீனா. பெத்தணனுக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதெல்லாம் மாமன் வீட்டிலிருந்துதான். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவான். மழை வந்தால் தன் வேட்டியைத் தூக்கி அவள் தலையை மூடுவான், தான் டவுசரோடு நனைவான். கேசு வந்த பிறகு அவளோடும் பேச்சு நின்றுபோனது.

அவளுக்குக் கலியாணம் கூடியது. தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டி, மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தால்தான் எங்களில் பெண் மணவறையில் ஏறுவாள். ராமுத்தாய் அண்ணன் வீட்டுக்குப் போய், வாசற்படியில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். பெத்தணன் பாண்டிச்செல்வத்துக்குப் போன் போட்டான்.

"மாப்ள, படியில பத்திரிகை கிடக்கு. எடுத்தா கேசு பழுதாகுமா?"

"இன்னுமா எடுக்கல?"

"நேத்துல இருந்து தாண்டித்தான் போய்ட்டு வாரேன்."

பாண்டிச்செல்வம் காரை எடுத்துக்கொண்டு ஆனைக்குட்டம் போய், பத்திரிகையைத் தானே எடுத்து, தானே வாசித்துக் காட்டிவிட்டு, தானே வைத்துக்கொண்டார். வழக்கம்போல அப்படியொரு சட்டம் இல்லை என்றும் சொன்னார். வழக்கம்போலப் பெத்தணனும் நம்பவில்லை. "நீங்க போய்ப் பட்டத்தைக் கட்டி, மாலையைப் போட்டு, மணவறைல உக்கார வச்சிட்டு, எனக்காக ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்துருங்க மாப்ள" என்று சொல்லிவிட்டான். வாய்க்கு வாய் மாப்ள என்று கூப்பிடுகிறவனுக்குப் பதிலாகத்தான் போய் நிற்கப் போகிறோம் என்பது இவருக்கு உறைக்கவில்லை. தெரிந்த குடும்பம்தானே என்று என்னிடம் கேட்கவும் இல்லை.

கலியாணம் ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் ஒரு மண்டபத்தில். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு, பட்டுச்சேலை தேங்காய் பழம் வைத்த தட்டை ஏந்தி, மாலையைத் தோளில் தொங்கவிட்டுப் பாண்டிச்செல்வம் வந்தார். சட்டைப் பையில் போன் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெத்தணன் எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்று அதை அணைக்காமல் போட்டிருந்தார். மேளக்காரர் இவரைக் கண்டதும் தாய்மாமன் வந்ததாக நினைத்துக் கெட்டிமேளம் கொட்டினார். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க கட்சிக்காரர் பெத்தணன் சார்பா, அவருடைய உரிமைக்குப் பாதகமில்லாம, இந்தச் சீரை..."

யோகேஸ்வரி எழுந்துவிட்டாள். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகத்தான் வந்திருந்தாள், ஆனாலும் குரல் கோர்ட்டுக் குரல்.

"எங்க தரப்புல ஆட்சேபணை இருக்கு சார்."

"ஆட்சேபணையோடயே வாங்கிக்கிடலாம்லம்மா."

"வாங்கினா, ஆள் வராததை நாங்க ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

தட்டு நடுவில் நின்றது. மேளக்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது, தாய்மாமன் உண்டா இல்லையா என்று கேட்டார். பெண்ணின் அறையிலிருந்து ஒருத்தி ஓடிவந்து, மாமா வந்தால்தான் எந்திரிப்பேன் என்று பாண்டிமீனா சொல்வதாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கலியாணம் நின்றுபோன வீடுகளில் முதலில் அந்தப் பார்வைதான் வரும்.

அப்போது ராமுத்தாய் வந்தாள். கோபத்தில் அவள் குரல் உயராது, தணியும்.

"பாண்டி மச்சான், உங்கப்பா எனக்கு என்ன வேணும்?"

"மாமா முறை."

"அப்ப நீங்க எனக்கு?"

பாண்டிச்செல்வம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கட்டிக்கிற முறைதான? கட்டிக்கிற முறையில இருக்கிறவரு வந்து அண்ணனா நின்னா, என் மகளுக்கு நீங்க மாமனா, சித்தப்பனா? என் வீட்டுக்காரரு அந்தா நிக்காரு. அவருகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

வீட்டுக்காரர் உண்மையிலேயே கொஞ்சம் முறைத்தபடிதான் நின்றார்.

"அது சொந்தத்துக்கும்மா" என்றார் பாண்டிச்செல்வம். நெற்றியெல்லாம் வேர்வை. "இப்ப நான் சொந்தக்காரனா நிக்கல. கட்சிக்காரரோட தகுதியில நிக்கேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. ராமுத்தாய் சிரிக்கவில்லை. அவள் பார்வை அவர் சட்டைப் பைக்குப் போனது. போனில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டடி முன்னால் வந்து, குனிந்து, அந்தப் பைக்குள் பேசினாள். கோட்டுக்குள் முகத்தை வைத்து ஒருத்தி பேசுவதும், அந்த மனிதர் தட்டோடு அசையாமல் நிற்பதும் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை.

"அண்ணே. கேக்குதா? இது கேசு பேச்சு இல்ல. பிள்ளை எந்திரிக்க மாட்டேங்கா."

 பைக்குள்ளிருந்து பதிலுக்கு ஒரு லாரி ஆரன் சத்தம் வந்தது, நீளமாக. அதே சமயம், அதே நீளத்துக்கு, மண்டப வாசலுக்கு வெளியே ரோட்டிலும் ஒரு லாரி ஆரன் அடித்தது. ராமுத்தாய் நிமிர்ந்தாள். எல்லாரும் வாசலைப் பார்த்தோம்.

ரோட்டுக்கு எதிர்ப்புறம், டீக்கடை நிழலில் பாண்டிச்செல்வத்தின் கார். அவரோடு அதில் வந்துவிட்டு இறங்காமல், பின்சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, புதுவேட்டி புதுச்சட்டையில் பெத்தணன் உட்கார்ந்திருந்தான். மடியில் இன்னொரு மாலை. வக்கீலிடம் கொடுத்துவிட்டதைவிடப் பெரிய மாலை. போனைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தான்.

பாண்டிச்செல்வம் ரோட்டைத் தாண்டி ஓடினார். தொப்பையுள்ள மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நாங்களும் பின்னால் போனோம். கதவைத் திறந்து, இறங்குங்க என்றார். பெத்தணன் இறங்கவில்லை.

"உள்ள வந்தா கேசு போயிரும்ல மாப்ள."

"போகாதுய்யா. அப்படிச் சட்டமே கிடையாது. எத்தனவாட்டி சொல்ல?"

"நீங்க அப்படித்தான் சொல்லுவீக. சொல்லிட்டு நீங்கதான எல்லார் வீட்டுக்கும் போறீக?"

பாண்டிச்செல்வம்  வேர்வையைத் துடைத்தார். காலடியில் இருந்த தாரைப் பார்த்தார். திடீரென்று கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த ரோடு யாருது?"

"கவர்மெண்டுது."

"புறம்போக்கு. வாதிக்கும் பாத்தியமில்ல, பிரதிவாதிக்கும் பாத்தியமில்ல. இதுல எது நடந்தாலும் உங்க கேசைத் தொடாது. இறங்குங்க."

பெத்தணன் யோசித்தான். காலை மெதுவாக எடுத்து ரோட்டில் வைத்தான். அதற்குள் பாண்டிமீனாவைக் கூட்டிவந்துவிட்டார்கள். ரோட்டு நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. பட்டாசு லோடு ஏற்றிய லாரிக்காரர்தான் முன்னால் நின்றவர். இறங்கி வந்து என்ன விசேசம் என்று கேட்டு, தாய்மாமன் பட்டம் கட்டுகிறார் என்றதும் போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, டீ வாங்கிக்கொண்டு நின்று பார்த்தார்.  பெத்தணன் கட்டிய பட்டம் கோணலாகத்தான் ஏறியது. பாண்டிமீனா அதைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் உங்களுக்கு நேராக் கட்டத் தெரியல மாமா" என்றாள். சடைக்கு ரிப்பன் கட்டிவிட்ட காலத்தை நினைத்திருப்பாள் போல.

கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். தார் முடிந்து மண்டபத்துச் சிமெண்டுத் தளம் தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டான். அது புறம்போக்கு இல்லையே. பாண்டிச்செல்வத்தைப் பார்த்தான். அவர் கையை விரித்தார். பின்னாலிருந்து யோகேஸ்வரி சொன்னாள்.

"மண்டபம் வாடகைக்கு எடுத்தது. எங்க கட்சிக்காரருக்கு இதுல எந்தப் பாத்தியதையும் இல்ல. நாங்க எழுதிக் குடுக்கவும் தயார்."

பாண்டிச்செல்வம் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. பெத்தணன் தளத்தில் ஏறினான். மேளம் கொட்டியது. முகூர்த்தத்தின் வாலைப் பிடித்துத் தாலி ஏறியது.

முதல் பந்தி. பெத்தணனுக்காக ரெண்டு வாய் சாப்பிட வேண்டும் என்று வாங்கிக்கொண்ட பொறுப்பு தீர்ந்ததா இல்லையா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று பாண்டிச்செல்வம் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்துவிட்டார். பக்கத்தில் யோகேஸ்வரி. அவர்களுக்கு எதிர்வரிசையில் ராமுத்தாய் தன் கையால் ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். சோற்று வாளியோடு பக்கத்தில் நின்றாள். பெத்தணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாப்ள" என்றான் எதிரே பார்த்து. "ரோடு புறம்போக்கு. மண்டபம் வாடகை. சோறு?"

பாண்டிச்செல்வம் மெல்லுவதை நிறுத்தினார். யோகேஸ்வரியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி, படித்ததை எல்லாம் உள்ளுக்குள் ஒருமுறை புரட்டியவள்போல இருந்து, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"சோறு அவுகளோடதுதான்" என்றார் பாண்டிச்செல்வம்.

பெத்தணன் இலையைப் பார்த்தான். ராமுத்தாய் கரண்டியில் சோற்றை அள்ளி வைத்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, கேசை நான் வாபஸ் வாங்க மாட்டேன்."

"நானும் விடமாட்டேன்."

"விடாத. உக்காரு."

உட்கார்ந்தான். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, நெய் விழுந்தது. அவன் கை மடியிலேயே கிடந்தது. பாண்டிமீனா மாலையும் கழுத்துமாகப் பந்தி வாசலில் வந்து நின்றாள். சாம்பார் வாளிக்காரர்கூட அப்படியே நின்றுவிட்டார். பெத்தணன் நிமிர்ந்து எதிரே தன் வக்கீலைப் பார்த்தான். ஏதாவது ஒரு வழி சொல்வார் என்று பார்த்தான்.

பாண்டிச்செல்வம் எழுந்தார். பிசைந்த சோற்றை அப்படியே இலையில் விட்டுவிட்டு, இடது கையால் நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, பந்திக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். கூடவே, "நாம பாக்காதது கேசுல ஏறாதும்மா" என்று யோகேஸ்வரியின் நாற்காலிக் காலைக் காலால் தட்டினார். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அவளும் எழுந்து திருப்பிப் போட்டுக்கொண்டாள். இரண்டு வக்கீல்களும் பக்கத்தில் பக்கத்தில், சாம்பார் கை காயக் காய, வெள்ளையடித்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.